திண்டோள்மாறனும் ஒரு டிரங்க் காலும்

19-1-1987, திங்கள்

பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கும்போது செருப்பு வார் அறுந்தது. கையில் பிடித்துக்கொண்டே கம்பெனிக்கு நடந்தேன். ஸ்டோர்ஸில் ஒருவரும் கவனிக்கவில்லை. இந்தப் பரந்தாமன் வந்தால் தலையைக் குனிந்துகொள்வது அங்கே வழக்கம். நிமிர்ந்தால் நாடகம் படித்துக் காட்டிவிடுவேனாம்.

ஆனால் இன்று நாள் என்னுடையது. நோட்டீஸ் போர்டில் போட்டிருக்கிறார்கள்: கம்பெனியின் இருபதாம் ஆண்டு விழா ஏப்ரல் 25, சனிக்கிழமை. குடும்பத்தோடு வரலாம். மனமகிழ் மன்றத்தின் சார்பில் நாடகம் உண்டு. கதை வைத்திருப்பவர்கள் செயலாளர் பாஸ்கரனிடம் கொடுக்கவும்.

ஸ்பிரிங் சுற்றுகிற கம்பெனியில், அறுநூறு பேரில், கதை வைத்திருப்பவன் வேறு யார்? பதினோரு ஆண்டு உழைப்பு. ‘செங்குருதிச் செங்கோல்’. ஐந்து அங்கம், இருபத்துமூன்று காட்சி, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், நாற்பது பாத்திரங்கள், ஒரு யானை.

சுசீலாவிடம் சொன்னேன். பட்டாளத்துக்குத் துணி தைக்கும் ஃபாக்டரியிலிருந்து அப்போதுதான் வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். (இந்த ஆவடி குவார்ட்டர்ஸ் அவள் பெயரில்தான் இருக்கிறது என்பதை டைரியிலாவது ஒப்புக்கொள்கிறேன்.)

“யானையை எந்த கேட் வழியா உள்ள வுடுவாங்க?” என்றாள்.

கலை உணர்வு இல்லாத குடும்பத்தில் பெண் எடுத்தது அப்பாவின் முடிவு.

21-1-87, புதன்

பாஸ்கரன் பர்சனல் டிபார்ட்மென்டில் லீவு லெட்டர்களை அடுக்கி வைப்பவர். அதனாலேயே தன்னை ஒரு மந்திரி என்று நினைத்துக்கொண்டிருப்பவர். நோட்டுகள் நான்கையும் மேஜை மேல் வைத்தேன். அவர் திறக்கவில்லை. கையில் தூக்கி எடை பார்த்தார்.

“எவ்ளோ நேரம் ஓடும் சார் இது?”

“நாலரை மணி. இடைவேளை தனி.”

அவர் சிரிக்கவில்லை. அதுதான் எரிச்சல். சிரித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். ஒரு தாளை எடுத்துக் காட்டினார். மெல்லிசை ஒன்றரை மணி. எம்.டி. பேச்சு. பரிசளிப்பு. டிபன் பொட்டலம். எல்லாவற்றுக்கும் நடுவில் எறும்பு மாதிரி: ‘நாடகம் — 20 நிமிடம்.’

இன்னும் இருக்கிறது. நடிகர்கள் மூன்று பேருக்கு மேல் கூடாது, ஷிப்ட்டு பாதிக்குமாம். ராஜா டிரெஸ் வாடகைக்கு எடுக்கக்கூடாது. கத்தி கூடாது — அட்டைக் கத்தி கூட — சேஃப்டி ஆபீசர் ஒத்துக்கொள்ள மாட்டாராம்.

கத்தி இல்லாமல் என் கதாநாயகன் திண்டோள்மாறன் எதை உருவுவான்? பேனாவையா?

2-2-87, திங்கள்

பன்னிரண்டு நாள் வெட்டினேன். யானையை எடுத்தேன். படைத்தலைவர்கள் ஆறு பேரை ஒரே வரியில் கொன்றேன். 312 பக்கம் 140 ஆகிவிட்டது. இதற்குமேல் வெட்டினால் அது கொலை.

பாஸ்கரன் பார்த்துவிட்டு, “கமிட்டில லேடீஸ் மெம்பர் நாகவல்லி. அந்தம்மா படிச்சி ஓகே சொல்லட்டும்” என்றார்.

நாகவல்லி! டெலிபோன் ஆபரேட்டர்! வயது முப்பது இருக்குமா? எனக்கு நாற்பத்துநான்கு. ‘நம்பர் ப்ளீஸ்’ என்பதைத் தவிர எழுத்துக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்?

கொடுத்துவிட்டு வந்தேன். வேறு வழி?

6-2-87, வெள்ளி

டெலிபோன் ரூம் என்பது மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து. போர்டு முழுக்க வயர்கள். காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். லைனில் அவள் பேசும் தமிழ் கஞ்சி போட்ட புடவை: “தயவுசெய்து காத்திருங்கள், இணைப்பு தருகிறேன்.” ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினால் அப்படியே பாடி மார்க்கெட் பேச்சு.

“உக்காருங்க சார். படிச்சிட்டேன்.”

“முழுசாகவா?”

“ஒரு லைனுக்கும் அடுத்த லைனுக்கும் நடுவுல வேற இன்னா வேலை? ஒரு விசயம் கேக்கறேன், கோச்சிக்கக் கூடாது. இந்த ராஜா போருக்குப் போறாரா இல்லியா?”

“மூன்றாம் அங்கத்தில் போகிறான்.”

“ரெண்டு அங்கமா போறேன் போறேன்னு சொல்லிக்கினே கீறாரு சார். எதிரி வந்து ஊட்டையே புடிச்சிகினு போயிருப்பான்.”

பிறகு பென்சிலை எடுத்துக் காட்டினாள். பக்கம் பக்கமாக ஒரே குறி — பக்கத்து ஓரத்தில் சின்னதாக ஒரு ‘3’. என்னவென்று கேட்டேன்.

“நான் இங்க வர்றதுக்கு முன்னால எக்ஸ்சேஞ்சுல நாலு வருசம் ஷார்ட் டூட்டி சார், டெம்பரவரி. டிரங்க் கால் போர்டு. மூணு நிமிசம் ஆனா உள்ள பூந்து சொல்லணும், ‘நேரம் முடிந்தது, நீட்டிக்கவா?’ன்னு. பாதிப் பேரு நீட்டிக்க மாட்டாங்க. அந்த மூணு நிமிசத்துல கொழந்த பொறந்தது, மாமனார் செத்தது, பொண்ணு ஓடிப்போனது, அல்லாத்தையும் சொல்லி, அழுது, சமாதானம் பண்ணி, உடம்பப் பாத்துக்கன்னு சொல்லி முடிச்சிடுவாங்க. உங்க ராஜா பேச்சுல மூணு நிமிசம் முடியற எடத்துல எல்லாம் குறி போட்டேன். அதுக்குள்ள இன்னா நடந்துது, பாருங்க.”

பார்த்தேன். முதல் மூன்று நிமிடத்தில் மன்னன் சூரியனை வருணிக்கிறான். அடுத்த மூன்று நிமிடத்திலும் சூரியன்தான்.

நான் எழுந்து வந்துவிட்டேன். ஒட்டுக்கேட்பதை ஒரு தொழில் என்று வைத்துக்கொண்டு விமரிசனம் வேறு!

7-2-87

சுசீலாவிடம் இந்த அநியாயத்தைச் சொன்னேன். சாதம் பிசைந்துகொண்டே கேட்டாள் — கேட்டாள் என்றுதான் நினைக்கிறேன். “துணி மீந்துட்டுதுன்னு சட்டைக் கைய நாலு முழம் வெச்சித் தச்சா பட்டாளத்தான் எப்படித் துப்பாக்கி புடிப்பான்?” என்றாள்.

எல்லாரும் விமரிசகர்கள் ஆகிவிட்டார்கள்.

11-2-87, புதன்

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். நோட்டை வாங்க வேண்டுமே. போனேன்.

நோட்டைத் தரும்போது 97ஆம் பக்கத்தை விரித்தாள். 140 பக்கத்தில் ஒரே ஒரு வரிக்கு அடியில் கோடு. கிழ மன்னன் காட்டுக்குப் போகும் காட்சி. இளவரசன் வீரம் பேசிக்கொண்டே இருக்கிறான். கிழவன் சொல்கிறான்: ‘நல்லது. நீ பேசு. நான் போகிறேன்.’

“இது மட்டும் நெசமா கீது சார். இத எங்கேர்ந்து எடுத்தீங்க?”

“கற்பனை.”

“இல்ல. போர்டுல உக்காந்து உக்காந்து எனக்குக் காது பழகிப் போச்சி. சும்மா சொல்றதுக்கும் சொல்ல வந்ததை முழுங்கிட்டுச் சொல்றதுக்கும் வித்தியாசம் தெரியும். இது யாரோ சொன்னது.”

எனக்குக் கோபம் வந்தது. ஏன் வந்தது?

12-2-87

சரி. எழுதிவிடுகிறேன். இதை நான் எங்கும் எழுதியதில்லை.

1979 ஆகஸ்ட். செய்யாறு பக்கம் எங்கள் ஊரிலிருந்து கம்பெனிக்கு டிரங்க் கால். பி.பி. கால், என் பெயருக்கு. ஸ்டோர்ஸிலிருந்து ஓடிப்போய் எடுத்தேன். அப்பா. வாழ்நாளில் போனே தொடாத மனிதர். “நான்தாம்பா” என்றார். “நல்லா இருக்கியா?” என்றார். அன்றைக்குத்தான் நான்காம் அங்கம் முடித்திருந்தேன். அதைச் சொல்ல ஆரம்பித்தேன். மாறன் கோட்டைக்குள் நுழைகிறான், அங்கே அவனுடைய — அப்பா நடுவில் “அது வந்து...” என்றார். நான் விடவில்லை. மறுபடி “அது வந்து” என்றார். இருங்கப்பா, இதைக் கேளுங்க என்றேன். வசனத்தையே சொல்லிக் காட்டினேன். ராகம் போட்டு. மூன்று நிமிடம் ஆகிவிட்டது என்று குறுக்கே ஒரு குரல். அப்பா, “நல்லாருக்குப்பா. நீ பேசு. வெக்கறேன்” என்றார்.

பதினோராவது நாள் தந்தி.

என்ன சொல்ல வந்தார்? நெஞ்சு வலியா? ஆவடிக்கு வந்து எங்களோடு இருக்கட்டுமா என்று கேட்க வந்தாரா? பரந்தாமா, உனக்கு என்னடா அவ்ளோ அவசரம், ஒரு மனுஷன் பேச வந்தா வாய மூடிகினு கேக்கத் தெரியாதா உனக்கு — கோட்டையாம், மாறனாம் — தூ.

சுசீலாவுக்குக்கூடத் தெரியாது.

13-2-87, வெள்ளி

நாகவல்லியிடம் சொன்னேன். மூன்று நிமிடத்துக்குள் சொல்லி முடித்துவிட்டேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

அவள் ‘த்சு’ கொட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. போர்டில் விளக்கு எரிந்தது. யாருக்கோ லைன் கொடுத்தாள். பிறகு திரும்பி, “இத எழுதுங்க” என்றாள்.

“இதுவா? இதில் என்ன நாடகம் இருக்கிறது?”

“நீங்கதான் கீறீங்களே சார், போதாதா?”

சட்டம் போட்டாள். ஒரே ஒரு போன் கால். ரெண்டு பேர், நடுவில் ஆபரேட்டர். ஒரு வரி ஒரு மூச்சுக்கு மேல் போகக்கூடாது. உவமை கூடாது. சூரியன் வரக்கூடாது. மகன் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், அவன் அப்படித்தான். ஆனால் அப்பாவுக்கு மொத்தம் ஏழே வரி.

ஏழு வரி! சினிமாவில் பிணத்துக்குக்கூட அதைவிட அதிக வேலை உண்டு.

16-2-87

ஒன்றும் வரவில்லை.

17-2-87

அப்பாவுக்கு முதல் வரி எழுதினேன்: ‘அருமை மைந்தா, நலமோ?’ கிழித்தேன்.

18-2-87

‘நான்தாம்பா.’

அப்படித்தானே சொன்னார். எதற்கு இரண்டு நாள்?

26-2-87, வியாழன்

எட்டுப் பக்கம். கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலாக ஆக்கினாள். இந்தப் பெண் என் எழுத்தைக் குறைப்பதைப் பார்த்தால் ரேஷன் கடையில் வேலை பார்த்திருப்பாளோ என்று தோன்றுகிறது.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். குறைத்ததைப் படித்துவிட்டு ராத்திரி சாப்பிடாமலே படுத்துவிட்டேன். 312 பக்கம் எழுதும்போது ஒருநாளும் அப்படிப் படுத்ததில்லை. அப்போது பசிதான் எடுக்கும்.

9-3-87, திங்கள்

நடிகர்கள். ஆபரேட்டராக நாகவல்லியே. மகனாக பாஸ்கரனின் சகலை ஒருவர் வருவதாக இருந்தது. இவ்வளவு வசனம் தாங்காது என்று ஓடிவிட்டார். நாகவல்லி என்னைப் பார்த்தாள். “நீங்களே பண்ணுங்க சார். ரிகர்சலே வேணாம்.”

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா?

அப்பா வேஷத்துக்கு அவள் பிடித்துவந்த ஆள் வேம்புலி. ஸ்பிரிங் சுற்றும் காயிலிங் மெஷின்காரர். திக்குவாய். நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் வந்தால் ஐந்தாவதில் மாட்டிக்கொள்வார். அறுநூறு பேரில் இவர்தான் கிடைத்தாரா? அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

நாகவல்லிதான் பேசினாள். “அண்ணாத்தே ஒரு வார்த்தை பேசணும்னா முன்னாடியே யோசிச்சி வெச்சிப்பாரு. வேண்டாதது ஒண்ணுகூட வராது. உங்களுக்கு நேர் எதிர்.”

வேம்புலி மெதுவாகச் சொன்னார்: “ஏழு... வரிதான சார். தாங்கும்.”

20-3-87

ஒத்திகை, கேன்டீன் பின்னால். ஸ்டோர்ஸ் ஸ்கிராப்பிலிருந்து இரண்டு செத்த போன் எடுத்துப் போனேன். நான் பேசிக்கொண்டே போகிறேன். வேம்புலி “அது வந்து” என்கிறார். அந்த ‘அது’வுக்கும் ‘வந்து’வுக்கும் நடுவே அவர் நாக்கு ஒரு கணம் நின்றுவிடுகிறது. அதை நான் எழுதவில்லை. எழுதவும் முடியாது.

வேம்புலி ‘நல்லா இருக்கியா’ என்பதை ‘நல்லா கீறியா’ என்கிறார். திருத்தப் போனேன். நாகவல்லி முறைத்தாள். விட்டுவிட்டேன்.

10-4-87, வெள்ளி

பெரிய சண்டை.

கடைசியில் நான் ஒரு வசனம் சேர்த்திருந்தேன். அப்பா போனை வைத்த பிறகு மகன் மனம் வருந்திப் பேசுகிறான். இரண்டு பக்கம். ‘ஐயோ, என் செவிகள் இருந்தும் செவிடானேனே!’ என்று தொடங்கும். இந்த வசனம் இல்லாவிட்டால் மகன் திருந்தினான் என்று ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?

“திருந்தினானா சார்?” என்றாள்.

“அதான் வருந்துகிறானே!”

“ரெண்டு பக்கம் பேசறான்னா இன்னும் திருந்தலன்னு அர்த்தம்.”

இது அதிகப்பிரசங்கித்தனம். வசனம் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். எழுதியவன் நான். இந்த இன்டஸ்ட்ரியல் எஸ்டேட் வருவதற்கு முன்னால் இந்த இடத்தில் அவளுடைய தாத்தா நாற்று நட்டுக்கொண்டிருந்தாராம், கோபத்தில் அதையும் சொன்னாள். “அவரு நட்ட மாதிரி நடுங்க சார், வாரி எறைக்காதீங்க.”

இருபது நிமிடம் இருக்கிறதே, அவளுக்கு என்ன வலிக்கிறது?

19-4-87, ஞாயிறு

கண்ணம்மா அக்கா வீட்டுக்கு விழா அழைப்பிதழைத் தபாலில் சேர்த்தேன். வேலப்பன்சாவடிக்குப் பூந்தமல்லியில் பஸ் மாறினால் போய்விடலாம். நேரில் போய்க் கொடுத்திருக்க வேண்டும். நாலு வருஷம் முன்னால் மச்சானோடு ஊரைக் காலி செய்துகொண்டு அங்கே வந்தாள். இரண்டு தடவை போயிருப்பேன். கலைஞனுக்கு நேரம் எங்கே?

26-4-87, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை.

மெல்லிசைக்காரர்கள் ஒன்றரை மணியை இரண்டேகால் ஆக்கினார்கள். எம்.டி.யின் சம்சாரம் இன்னொரு பாட்டு கேட்டார். இன்னொன்று கேட்டார். பாஸ்கரன் வியர்த்து வழிய மேடைக்குப் பின்னால் வந்தார்: “சார், பதினோரு நிமிசம்தான். பரிசு குடுத்துட்டு எம்.டி. ஏர்போர்ட் போணும்.”

பதினோரு நிமிடம். நாடகம் ஒன்பது. என் கடைசி வசனம், ராகத்தோடு, எட்டு.

நாகவல்லி என்னைப் பார்த்தாள். சரி, அந்த வசனம் வேண்டாம் என்று தலையாட்டினேன். மனசுக்குள் வேறு கணக்கு. மேடையில் நான் வாயைத் திறந்தால் யார் மூடுவார்கள்? எம்.டி. பிளேன் காத்திருக்கட்டும்.

திரை ஏறியது. இரண்டு மேஜை, இரண்டு போன், நடுவில் ஸ்டூலில் ஹெட்போனோடு நாகவல்லி. ஜனங்கள் டிபன் பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பேச ஆரம்பித்ததும் ஸ்டோர்ஸ் ஆட்கள் விசில் அடித்தார்கள். “பரந்தாமன் சார், டூட்டில கூட இப்டித்தான்!” என்று ஒரு குரல். சிரிப்பு. எனக்கு உச்சி குளிர்ந்தது. இன்னும் ராகம் போட்டேன்; இன்னும் சிரித்தார்கள்.

வேம்புலி “அது... வந்து” என்றார்.

முதல் தடவை சிரித்தார்கள். இரண்டாம் தடவை கொஞ்சம் பேர். மூன்றாவது தடவை அவர் சொன்னபோது பொட்டலத்துச் சத்தம் நின்றுவிட்டது. நான் பேசிக்கொண்டேதான் இருந்தேன். என் குரல் எனக்கே கேட்டது. கோட்டை, கொத்தளம், குருதி. எத்தனை அபத்தமான குரல். கூட்டத்தில் ஒரு பெண் “அந்தாளப் பேசவுடேன்யா!” என்று கத்தினாள். என்னைப் பார்த்துத்தான்.

“நேரம் முடிந்தது. நீட்டிக்கவா?”

“வேணாம்மா” என்றார் வேம்புலி. “நீ பேசுப்பா. வெக்கறேன்.” ரிசீவரை வைக்க அவர் அவசரப்படவில்லை. குழந்தையைக் கிடத்துவது போல வைத்தார்.

நான் பேசிக்கொண்டே போனேன், கதைப்படி. “இணைப்பு துண்டிக்கப்பட்டது” என்றாள் நாகவல்லி. நான் நிறுத்தினேன். இப்போது என் வசனம். ‘ஐயோ’ சொல்ல வாயைத் திறந்தாகிவிட்டது. மூன்றாவது வரிசையில் அக்கா. மடியில் பிரிக்காத பொட்டலம். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘ஐயோ’ வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. திரையை இறக்கிவிட்டார்கள்.

கைதட்டலா? கொஞ்ச நேரம் கழித்துதான் வந்தது. மைக்கில் கரண்ட் போய்விட்டது என்று நினைத்ததாக பாஸ்கரன் சொன்னார். எம்.டி. கை குலுக்கி, “குட். பாதியில நின்னுட்டுதே, என்ன ஆச்சு?” என்றார்.

அக்கா பிரிக்காத பொட்டலத்தை என் கையில் வைத்தாள். பூந்தமல்லி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

விழாவிலிருந்து இருவரும் வீட்டுக்கு வந்ததும் சுசீலா கேட்டாள்: “மாமா நெசமாவே பேசினாரா அன்னைக்கு?”

“ம்.”

“எந்நேரமும் பேசற ஆளு. இத மட்டும் எங்கிட்ட சொல்லல பாரு.” அப்புறம் பாயைத் தள்ளிப் போட்டுப் படுத்துவிட்டாள். நியாயம்தான்.

27-4-87, திங்கள்

டெலிபோன் ரூம் வாசலில் பதினைந்து பேர் வரிசை. எல்லாருக்கும் ஊருக்கு கால் போட வேண்டுமாம். திண்டிவனம், ராணிப்பேட்டை, ஒருவர் நாகர்கோவில். நாகவல்லி என்னைப் பார்த்ததும் ஹெட்போனைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, “எல்லாம் உங்களால! ஒரு டீ குடிக்க உடறானுங்களா பாருங்க!” என்று கத்தினாள். முகம் மட்டும் கத்தவில்லை.

29-4-87

நோட்டீஸ் போர்டு: ‘அலுவலக நேரத்தில் சொந்த டெலிபோன் அழைப்புகள் உடனடியாகத் தடை செய்யப்படுகின்றன.’ பாஸ்கரன் கையெழுத்து.

என் எழுத்துக்குக் கிடைத்த முதல் அரசாங்க அங்கீகாரம். பதினோரு வருஷம் திண்டோள்மாறனை எழுதினேன், ஒரு சர்க்குலர்கூட வந்ததில்லை.

15-5-87

பக்கத்துக் கம்பெனி மன்றத்தில் நாடகத்தைக் கேட்கிறார்கள். முக்கால் மணி நேரம் தருகிறார்களாம். மேடை பெரிது, மைக் நாலு. வேண்டாம், ஒன்பது நிமிடம் போதும் என்றேன். நானா சொன்னேன்? நான்தான்.

வேம்புலி, “ஏழு வரி... எட்டாவுமா சார்?” என்று கேட்டார். ஆகாது என்றேன். சந்தோஷமாகப் போனார்.

31-5-87, ஞாயிறு

வேலப்பன்சாவடி. தனியாகப் போனேன். அக்கா கோபமாக இருப்பாள், திட்டட்டும் என்றுதான் போனேன். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்தேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை, அதனால் பேசவில்லை.

அவள்தான் ஆரம்பித்தாள். “அப்பா அன்னைக்கு என்ன சொல்ல வந்தார்னு எட்டு வருஷமா நெனச்சிகிட்டு இருந்தியா?”

“ம்.”

“ஒண்ணும் சொல்ல வரலடா.”

ஊர் தபாலாபீஸில் அந்த வாரம்தான் புதிதாக போன் வைத்தார்களாம். யாருக்காவது பேசிப் பார்க்க ஊரே அலைந்ததாம். அப்பா விடியற்காலை போய் வரிசையில் நின்றாராம். என் குரல் கேட்டதும் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து வெளியே நீட்டிப் பிடித்தாராம், நின்றிருந்தவர்கள் எல்லாரும் கேட்கட்டும் என்று.

“நானும்தான் நின்னேன். நீ ராகம் போட்டுப் பேசற. ‘யாருங்க மாறன்?’னு தபால்காரர் கேட்டார். ‘அது வந்து, என் புள்ள ராஜா கதை எழுதறான்’னு இவர் சொல்றார். அடுத்த ஆளு கேக்கறான், மறுபடி ‘அது வந்து’ன்னு ஆரம்பிக்கிறார். உங்கிட்ட எங்க பேசினார்? அவங்களுக்கு வெளக்கம் சொல்லிகிட்டு இருந்தார். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் ஒரே சிரிப்பு. ‘நிறுத்தாமப் பேசறாண்டி, மூணு நிமிஷத்துக்கு முழுசாப் பேசறான்!’னு.”

அறுநூறு குடும்பம் அழுதது. நான் எட்டு வருஷம் — ஒன்றுமே இல்லையா? எனக்கு முதல் நாடகம் போட்டவரே அவர்தானா? தபாலாபீஸ் வாசலில்?

“ஏன்க்கா இத்தனை வருஷமா சொல்லல?”

அக்கா கையைக் கழுவிவிட்டு நிதானமாகத் திரும்பினாள். “நீ எங்கடா பேச விட்ட?”

1-6-87, திங்கள்

நாகவல்லியிடம் சொன்னேன். வெகுநேரம் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நல்லவேள சார், முன்னாடியே தெரியல. தெரிஞ்சி இருந்தா தபாலாபீசு, போஸ்ட்மேன், வரிசைல நின்னவன், அல்லாரையும் கூட்டிகினு வந்திருப்பீங்க. நாப்பது நிமிசம்.”

நாடகத்தை மாற்றுவீர்களா என்று கேட்டாள். மாற்ற மாட்டேன் என்றேன். அது பொய்யாயிற்றே என்று நானே கேட்டேன். அவள் போர்டைப் பார்த்தபடி, “அந்தாளு உங்ககிட்ட பேச வரலன்றது நெசம். நீங்க கேக்கலன்றதும் நெசந்தான?” என்றாள்.

விளக்கு எரிந்தது. லைன் கொடுக்கப் போய்விட்டாள்.

28-6-87, ஞாயிறு

வேலப்பன்சாவடி. இந்த மாதம் மூன்றாவது தடவை. சுசீலாவும் வந்தாள். சாப்பிட்ட பிறகு பஸ் நேரம்வரை அக்கா பேசினாள், சுசீலா பேசினாள். நான் ‘ம்’ போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்குச் சேப்பங்கிழங்கு என்றால் உயிர் என்று ஏழு வருஷமாகத் திதிக்கு இலை நிறைய வறுத்து வைக்கிறேன். அவருக்கு அது தொண்டையில் அரிக்குமாம். கிட்டவே சேர்க்க மாட்டாராம். அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். அக்கா சொல்ல ஆரம்பித்தாள்.